போர்ட்டலில் சிக்காத ஆளைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளம்பரம் போட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். விண்ணப்பங்கள் குவிந்திருக்கும், ஒன்றுகூடத் தேறியிருக்காது. ரெக்ரூட்டர் வேலை பார்க்கிற யாருக்கும் இது புதிதில்லை. அப்படி முரண்டு பிடிக்கும் பணியிடங்களுக்கு இணையத்தில் சுற்றுவழியாக ஆள் தேடுவது பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளும் அதற்கு நான் சொல்லும் பதில்களும் இவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டளைகளையும் தேடுசொற்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தேடும்போது அவற்றை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

சுற்றுவழித் தேடல் என்றால் என்ன?

"எனக்கு வேலை வேண்டும்" என்று கை தூக்கியவர்களுக்குள் தேடுவது நேர்வழி. ஜாப் போர்ட்டல், வந்த விண்ணப்பங்கள், லிங்க்ட்இனில் 'ஓப்பன் டு வொர்க்' என்று போட்டுக்கொண்டவர்கள் எல்லாம் இதில் அடக்கம். கை தூக்காமல் தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருப்பவரைத் தேடுவது சுற்றுவழி. அவர் ரெஸ்யூமேயைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருக்கலாம். ஆனால் அவர் செய்கிற வேலை எங்கோ ஓரிடத்தில் எழுத்தில் பதிவாகியிருக்கும்: ஒரு காப்புரிமையில், ஒரு மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில், ஒரு மென்பொருளின் மாற்றக் குறிப்பில், தேர்ச்சி பெற்றவர்களின் பட்டியலில். அந்தப் பதிவைத் தேடிப் போய், அதன் வழியாக ஆளிடம் போவதுதான் இந்த முறை. கீழே வருகிற எல்லாமே இந்த ஒரு யோசனையின் விரிவுதான்.

எல்லா வேலைக்கும் இப்படித் தேட வேண்டுமா?

வேண்டாம். விளம்பரத்திலேயே ஆள் கிடைக்கிற வேலைக்கு இவ்வளவு மெனக்கெடுவது வீண். அப்புறம், வெளியே தேடப் போவதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் பழைய விண்ணப்பங்களை ஒருமுறை கிளறிப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன் கடைசிச் சுற்று வரை வந்து நூலிழையில் தவறியவர் அங்கேயே இருப்பார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை அப்படி அலைந்தது நான்தான்.

ஜேடி (வேலை விவரக் குறிப்பு) கையில் இருக்கிறது. அதிலுள்ள சொற்களை அப்படியே போட்டுத் தேடினால் போதாதா?

போதாது. பெரும்பாலான தேடல்கள் கவிழ்வது இந்த இடத்தில்தான். ஜேடி என்பது நிறுவனம் பேசுகிற மொழி. ஆள் பேசுகிற மொழி வேறு.

ஒருமுறை, ஆலைக் குழாய்களில் வெல்டிங் இணைப்புகளை அல்ட்ராசோனிக் முறையில் சோதிக்கிற ஒருவர் தேவைப்பட்டார். ஜேடியில் 'சீனியர் குவாலிட்டி எஞ்சினியர்' என்று இருந்தது. அதைப் போட்டுத் தேடினேன். மென்பொருள் சோதிப்பவர் முதல் துணி ஏற்றுமதியில் தரம் பார்ப்பவர் வரை எல்லாரும் வந்தார்கள், வேண்டியவர் மட்டும் வரவில்லை. இரண்டு வாரம் போனது. பிறகு அந்தத் துறையில் இருந்த ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினேன். அவர்கள் தங்களைக் குவாலிட்டி எஞ்சினியர் என்று சொல்லிக்கொள்வதே இல்லையாம். அவர்கள் 'என்டிடி' ஆட்கள், அதாவது பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிப்பவர்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு சுருக்கப் பெயர் உண்டு: அல்ட்ராசோனிக் என்றால் 'யூடி', ரேடியோகிராபி என்றால் 'ஆர்டி', ஃபேஸ்டு அர்ரே என்றால் 'பிஏயூடி'. தகுதியில் மூன்று நிலைகள். ஐஎஸ்ஓ 9712 என்ற தரநிலை அவற்றை வகுக்கிறது. இதில் ஒருவர் 'லெவல் 3' என்று எண்ணில் எழுதுவார், இன்னொருவர் ரோமன் எழுத்தில் மூன்று கோடு போடுவார். மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் இரண்டும் வெவ்வேறு தேடல். இரண்டையும் போட்ட பிறகுதான் ஆட்கள் கண்ணில் பட ஆரம்பித்தார்கள்.

அன்றிலிருந்து, தேடத் தொடங்கும் முன் ஹயரிங் மேனேஜரிடம் (ஆள் கேட்கிற குழுவின் மேலாளரிடம்) சில கேள்விகளைக் கேட்காமல் விடுவதில்லை. இந்த ஆள் தினமும் எந்தக் கருவியைக் கையில் எடுப்பார், எந்த மென்பொருளைத் திறப்பார்? சக ஊழியரிடம் பேசும்போது எந்தச் சுருக்கெழுத்துகளைச் சொல்வார்? எந்தச் சான்றிதழ் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே முடியாது? எந்த மாநாட்டுக்குப் போவார்? கடைசியாக, உங்கள் குழுவில் இதே வேலையை நன்றாகச் செய்கிறவர் முன்பு எங்கே, என்ன பதவிப் பெயரில் இருந்தார்? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கிற பதில்தான் பல நேரம் தேடலையே திசை திருப்பிவிடுகிறது.

பூலியன் தேடல் என்கிறார்களே, நான் புரோகிராமர் இல்லை. எனக்கு வருமா?

தாராளமாக. சொற்களைக் கோர்த்தும் கழித்தும் தேடுவதுதான் பூலியன் தேடல். ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞர் 1854இல் விரிவாக எழுதிவைத்த தர்க்க முறைதான் அதற்கு அடிப்படை. அவர் காலத்தில் கம்ப்யூட்டரே கிடையாது, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. நமக்கு வேண்டியது நாலைந்து விதிகள்தான்.

இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்தே வர வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இதுவோ அதுவோ வந்தால் போதும் என்றால் நடுவில் 'ஆர்' (ஆங்கிலத்தில் 'அல்லது' என்பதற்கான சொல்) போடுங்கள். கூகுளில் அது பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், சின்ன எழுத்தில் போட்டால் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. ஒரு சொல் வரக் கூடாது என்றால் அதன் முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி. குறிப்பிட்ட தளத்துக்குள் மட்டும் தேட 'சைட்', பக்கத்தின் தலைப்பில் தேட 'இன்டைட்டில்', இணைய முகவரியில் தேட 'இன்யூஆர்எல்', கோப்பு வகையைச் சொல்ல 'ஃபைல்டைப்'. இந்த நான்குக்கும் பின்னால் முக்காற்புள்ளி, அதன்பின் இடைவெளி விடாமல் சொல்.

கூகுள் ஒரு தேடலில் 32 சொற்கள் வரைதான் எடுத்துக்கொள்ளும். நான்கு வரிக்கு நீளும் 'மாஸ்டர் பூலியன்' என்று யாராவது பெருமையாகத் தந்தால், அதன் பின்பாதியை கூகுள் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளமான ஒரு தேடலைவிடக் குட்டிக் குட்டியாக ஆறு தேடல்கள் நல்லது. இன்னொரு காரணமும் உண்டு: முடிவுகள் லட்சக்கணக்கில் இருப்பதாகக் காட்டினாலும், பக்கம் பக்கமாகப் புரட்டினால் சில நூறிலேயே நின்றுவிடும். ஊர் வாரியாக, நிறுவனம் வாரியாக, பதவிப் பெயர் வாரியாகப் பிரித்துத் தேடினால்தான் மிச்சமுள்ளவர்கள் மேலே வருவார்கள். அதே தேடலை பிங்கிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், வேறு ஆட்கள் வருவார்கள்.

எக்ஸ்-ரே சர்ச் என்பது என்ன?

ஒரு தளத்தின் சொந்தத் தேடுபெட்டியை விட்டுவிட்டு, வெளியே கூகுளிலிருந்து அந்தத் தளத்தின் உள்ளே பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். 'சைட்' போட்டு, முக்காற்புள்ளி வைத்து, 'லிங்க்ட்இன்.காம்/இன்' என்று எழுதி, பக்கத்தில் தேடுசொற்களைச் சேர்த்தால் தனிநபர் புரொஃபைல்கள் மட்டும் வரும். லிங்க்ட்இனின் இலவசக் கணக்கில் அதிகம் தேடினால் மாதாந்தர வரம்பு வந்து மறிக்கும். அப்போது இது கைகொடுக்கும்.

குறைகளும் உண்டு. தன் புரொஃபைல் தேடுபொறிகளில் வர வேண்டாம் என்று அமைத்துவைத்தவர் வரமாட்டார். வருபவர்களிலும், பொதுவில் தெரிகிற பகுதியைத்தான் கூகுள் படித்திருக்கும். அதுவும் எப்போதோ படித்ததாக இருக்கலாம், ஆள் அதற்குள் வேலை மாறியிருப்பார்.

ஒரு தேடலை ஆரம்பம் முதல் முடிவு வரை காட்ட முடியுமா?

சரி, மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினிகளில் வேலை செய்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவற்றுக்குப் புரோகிராம் எழுதுகிற கோபால் மொழி 1959இல் வடிவமைக்கப்படத் தொடங்கியது. (தமிழில் எழுதினால் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடுகிற மாதிரிதான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இன்னும் அதில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எழுதத் தெரிந்தவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

லிங்க்ட்இனை எக்ஸ்-ரே செய்து 'கோபால்' என்று மட்டும் போட்டால் கூட்டம் அள்ளும். கல்லூரியில் ஒரு பருவம் படித்தவர், இருபது வருடத்துக்கு முன் தொட்டுவிட்டு இப்போது மேலாளர் ஆகிவிட்டவர், பயிற்சி நிலையம் நடத்துபவர் என்று எல்லாரும் இருப்பார்கள். அதனால் அந்தச் சொல்லையே எடுத்துவிடுங்கள். மெயின்ஃப்ரேம் வேலையில் கூடவே புழங்குகிற தொழில்நுட்பங்களின் பெயர்களைப் போடுங்கள்: 'ஜேசிஎல்', 'சிஐசிஎஸ்', 'விசாம்'. வேலையில் கை வைக்காதவர் 'விசாம்' என்றெல்லாம் புரொஃபைலில் எழுதமாட்டார். கூட்டம் பாதியாகக் குறையும்.

அடுத்த படி இன்னும் உள்ளே. மெயின்ஃப்ரேமில் ஒரு புரோகிராம் பாதியில் செத்துவிட்டால் அதை 'அபெண்ட்' என்பார்கள். வேறு துறைக்காரர்கள் இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டுக்கூட இருக்கமாட்டார்கள். அதிலும் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ குப்பை இருந்து, அதைக் கணக்கில் சேர்க்கப் போகும்போது வருகிற பிழைக்கு எஸ், பூஜ்யம், சி, ஏழு என்று ஒரு குறியீடு. நடுராத்திரி இந்தக் குறியீட்டைத் திரையில் பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்காத கோபால்காரர் அபூர்வம். லிங்க்ட்இனை விட்டுவிட்டு, மொத்த இணையத்திலும் இந்தக் குறியீட்டை 'விசாம்' அல்லது 'சிஐசிஎஸ்' உடன் சேர்த்துத் தேடினால், அடுத்தவருக்கு இந்தப் பிழையைப் பொறுமையாக விளக்கிப் பதில் எழுதியவர்கள் வருவார்கள். நமக்கு வேண்டியவர் அவர்தான். தன்னை விற்பதற்காக எழுதியது இல்லை என்பதால் அந்தப் பதிலை வைத்தே ஆளின் தரத்தை ஓரளவு எடைபோட்டுவிடலாம்.

குப்பையைக் கழிக்கவும் மறக்க வேண்டாம். வேலை விளம்பரங்களும் மாதிரி ரெஸ்யூமேக்களும் நேர்காணல் கேள்வித் தொகுப்புகளும்தான் முடிவுகளை அடைத்துக்கொள்ளும். 'ஜாப்ஸ்', 'அப்ளை', 'சாம்பிள்', 'டெம்ப்ளேட்', 'இன்டர்வியூ' ஆகிய ஐந்துக்கும் முன்னால் கழித்தல் குறி போட்டால் பக்கம் பளிச்சென்று ஆகிவிடும்.

லிங்க்ட்இனிலேயே இல்லாதவரை எங்கே தேடுவது?

அவருடைய வேலை எங்கே எழுத்தாகிறது என்று யோசியுங்கள். துறைக்குத் துறை மாறும்.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிற வேலை என்றால் காப்புரிமைகள். நிறுவனங்கள் தங்கள் பொறியாளர்களின் பெயரை எவ்வளவுதான் பொத்திப் பொத்தி வைத்தாலும், காப்புரிமையில் பொதுவாகக் கண்டுபிடித்தவரின் பெயர் இருக்கும். கூகுள் பேட்டன்ட்ஸ் 2006இலிருந்து இருக்கிறது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட்டும் இலவசம்தான். போட்டி நிறுவனத்தின் பெயரைப் போட்டு, தொழில்நுட்பச் சொல்லைச் சேர்த்து, அடிக்கடி வருகிற பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சங்கதி: விண்ணப்பங்கள் பொதுவாகப் பதினெட்டு மாதம் கழித்துத்தான் வெளியே வரும். நீங்கள் பார்ப்பது ஒன்றரை வருடத்துக்கு முந்தைய நிலவரம். ஆனால் ஒருவர் நிறுவனம் மாறிய பிறகு புது நிறுவனத்தின் பெயரில் காப்புரிமை வந்திருந்தால், அவர் இடம் மாறத் தயங்காதவர் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஆய்வு சார்ந்த வேலை என்றால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் கூகுள் ஸ்காலர், பப்மெட், ஆர்க்கைவ் தளங்கள். இதில் ஆசிரியர் வரிசையைப் படிக்கத் தெரிய வேண்டும். ஆய்வக அறிவியலில் முதலில் வருகிறவர் பெரும்பாலும் கையால் வேலை செய்தவர், கடைசியில் வருகிறவர் ஆய்வகத் தலைவர். கணிதத்தில் பெயர்களை அகர வரிசையில் போடுவது வழக்கம், அங்கே இந்தக் கணக்கு செல்லாது. ஆனால் நான் முதலில் படிப்பது கட்டுரையின் கடைசியில் வருகிற நன்றியுரையை. "எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் எடுக்க உதவிய இன்னாருக்கு நன்றி" என்று ஒரு வரி இருக்கும். அந்த இன்னார் ஆசிரியர் பட்டியலில் இருக்கமாட்டார், லிங்க்ட்இனிலும் பெரும்பாலும் இருக்கமாட்டார். அந்தக் கருவியை ஓட்டுவதில் அவரை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் இருக்காது. நுண்ணோக்கி இயக்குநர் தேவைப்பட்ட ஒரு சமயம் கட்டுரைகளைத் தலைகீழாக, நன்றியுரையிலிருந்து மட்டுமே படித்துக்கொண்டு வந்தேன். ஒரே வாரத்தில் பட்டியல் தயார்.

மென்பொருளில் இடம் இன்னும் அதிகம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 'மெயின்டெய்னர்ஸ்' என்றே ஒரு கோப்பு இருக்கிறது. எந்தப் பகுதியை யார் பார்த்துக்கொள்கிறார் என்பது அதில் வரிசையாக இருக்கும். டிவைஸ் டிரைவர் (கருவிகளைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருள்) எழுதுகிறவரைத் தேடி போர்ட்டலில் முட்டிக்கொள்வதைவிட இதைப் படிக்கலாம். நெட்வொர்க் நெறிமுறை ஆட்கள் வேண்டுமென்றால், அந்த நெறிமுறைகளை விவரிக்கிற ஆர்எஃப்சி ஆவணங்கள். எழுதியவர் யார், எந்த நிறுவனம் என்று ஆவணத்திலேயே இருக்கும். தரவு அறிவியலுக்கு கேகிள் என்ற தளத்தில் நடக்கிற போட்டிகளின் தரவரிசை.

இவை எதுவுமே பொருந்தாத, கைத்தொழில் சார்ந்த வேலை என்றால் சான்றிதழ் வழங்கும் அமைப்புகளின் பொதுப் பதிவேடு, தொழிற்சங்கங்களின் செய்தி மடல், கருவி விற்பவர்கள் வெளியிடுகிற வாடிக்கையாளர் அனுபவக் கட்டுரைகள். இந்தக் கடைசி வகையை யாரும் கண்டுகொள்வதில்லை. இயந்திரம் விற்கிற நிறுவனம் தன் பெருமைக்காக எழுதும், நடுவில் அந்த ஆலையின் பராமரிப்புப் பொறுப்பாளரைப் படத்தோடு போடும்.

புரோகிராம்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஆளைப் பிடித்துவிட்டேன். கமிட் பதிவிலிருந்து (புரோகிராமில் செய்த மாற்றத்தின் பதிவு) மின்னஞ்சலை எடுத்துக்கொள்ளலாமா?

முடியும், ஆனால் வேண்டாம். இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்காத சோர்சிங் (ஆள் தேடும்) பயிற்சி அபூர்வம். கிட்ஹப்பின் பயன்பாட்டு விதிகளோ, அங்கே எடுத்த தகவலைக் கொண்டு கேட்காதவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவதையும், தனிநபர் விவரத்தை ரெக்ரூட்டர்களுக்கு விற்பதையும் பெயர் சொல்லியே தடுக்கின்றன. விதியை விடுங்கள், எரிச்சல்தான் பெரிய பிரச்சினை. கமிட்டிலிருந்து முகவரி எடுக்கப்பட்டது என்று ஒரு டெவலப்பருக்கு உடனே தெரிந்துவிடும், உங்கள் நிறுவனத்தின் பெயர் கெடுவதற்கு அது போதும். புரொஃபைலில் அவராகவே மின்னஞ்சலோ வலைத்தளமோ கொடுத்திருந்தால் அது வேறு விஷயம், அது அவர் திறந்துவைத்த வாசல்.

கிட்ஹப்பைத் தேடுவதில் தவறில்லை. இடம், மொழி, பின்தொடர்பவர் எண்ணிக்கை வைத்து வடிகட்டலாம். நட்சத்திர எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், அடுத்தவர் எழுப்பிய சிக்கலுக்கு இவர் எப்படிப் பதில் சொல்லியிருக்கிறார் என்று படியுங்கள்.

இணைய முகவரியை வெட்டித் தேடுவது என்கிறார்களே?

ஒரு மாநாட்டின் பேச்சாளர் பட்டியல் பிடிஎஃப் கிடைத்தது என்று வையுங்கள். அதன் முகவரி தளத்தின் பெயர், அப்புறம் 2019, அப்புறம் 'ஸ்பீக்கர்ஸ்', கடைசியில் கோப்புப் பெயர் என்று சாய்கோடுகளால் பிரிந்திருக்கும். கோப்புப் பெயரை அழித்துவிட்டு என்டர் தட்டுங்கள். அந்த அடுக்கிலுள்ள மற்ற பக்கம் வரலாம். 'ஸ்பீக்கர்ஸ்' என்பதையும் அழித்தால் அந்த வருடத்தின் மொத்த நிகழ்ச்சி நிரல் வரலாம். 2019ஐ 2018 ஆக்கினால் அதற்கு முந்தைய வருடம். சில நேரம் வெறும் பிழைப்பக்கம்தான் வரும். அப்போது, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுங்கள். மூடப்பட்ட நிறுவனங்களின் 'எங்கள் குழு' பக்கங்களைக்கூட அங்கிருந்து எடுத்திருக்கிறேன். ஒரு நிறுவனமே கலைந்து போயிருந்தால் அதன் பழைய குழுப் பக்கம் உங்களுக்குப் புதையல்.

ஒரு எச்சரிக்கை. இப்படி வெட்டும்போது, யாரோ கவனமில்லாமல் திறந்து விட்டுவைத்த எக்செல் கோப்பு கையில் சிக்கும். பதிவு செய்தவர்களின் தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். முடிந்தால் அந்தத் தளத்தாருக்கு ஒரு வரி எழுதிச் சொல்லுங்கள்.

பழைய பயிற்சிக் குறிப்பில் உள்ள கட்டளைகள் வேலை செய்யவில்லை. ஏன்?

காலாவதியாகிவிட்டன. ஒரு சொல் கட்டாயம் வர வேண்டும் என்பதற்கான கூட்டல் குறியை கூகுள் 2011இல் எடுத்தது, ஒரே பொருள் தரும் சொற்களுக்கான அலைக்குறியை 2013இல். தளத்துக்கு இணைப்புக் கொடுத்தவர்களைக் காட்டும் 'லிங்க்' 2017இல் போனது. கூகுள் சேமித்துவைத்த பழைய பக்கத்தைக் காட்டும் 'கேஷ்' 2024இல் போனது. புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் வேலைவாய்ப்புப் பகுதியும் 2022 மார்ச்சோடு மூடப்பட்டது. யாராவது இவற்றைச் சொல்லிக்கொடுத்துக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

கிடைத்தவர் நான் தேடியவர்தான் என்று எப்படி உறுதி செய்வது?

பெயர் ஒத்துப்போனால் போதாது. குறைந்தது மூன்று விஷயம் பொருந்த வேண்டும்: பெயர், நிறுவனம், காலம். கூடவே படமோ ஊரோ இருந்தால் நல்லது. காப்புரிமையில் ஒருவரைப் பிடித்து, அதே பெயர், அதே ஊர் என்று லிங்க்ட்இனில் இருந்த ஒருவருக்கு அவருடைய கண்டுபிடிப்பைப் புகழ்ந்து நீளமாக எழுதினேன். அவர் பல் மருத்துவர். "நான் வேலை மாறுவதாக இல்லை, ஆனால் இவ்வளவு அன்பாக யாரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை" என்று பதில் வந்தது. நல்ல மனுஷர், போகட்டும். ஆய்வாளர்களுக்கு இந்தக் குழப்பம் வராமல் இருக்க ஆர்க்கிட் என்று 16 இலக்க அடையாள எண் உண்டு. கட்டுரையிலும் புரொஃபைலிலும் அது ஒன்றாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஏஐ சாட்பாட்டிடமே ஆள் கேட்டால் என்ன?

ஆள் கேட்காதீர்கள், சொல் கேளுங்கள். பெயர்ப் பட்டியல் கேட்டால், இல்லாத ஆளைக்கூட வேலை, ஊர் சகிதம் உருவாக்கித் தந்துவிடும். ஆனால் "இந்த வேலையை வேறு எந்தப் பதவிப் பெயர்களில் அழைப்பார்கள், என்னென்ன கருவிகள், சுருக்கெழுத்துகள்" என்று கேட்டால் நல்ல பட்டியல் கிடைக்கும். அதையும் துறை தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இதெல்லாம் சட்டப்படி சரியா?

பொதுவில் இருப்பதைக் கண்ணால் படிப்பதற்கும், மென்பொருள் வைத்து மொத்தமாக வாரிக்கொள்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்காவில் ஹைக்யூ என்ற நிறுவனத்துக்கும் லிங்க்ட்இனுக்கும் நடந்த வழக்கை எல்லாரும் பாதியோடு நிறுத்திச் சொல்வார்கள். பொதுப் புரொஃபைல்களைத் திரட்டுவது கணினி ஊடுருவல் சட்டத்தை மீறுவதாகத் தெரியவில்லை என்று 2022 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அதே வருடம் நவம்பரில், ஹைக்யூ லிங்க்ட்இனின் பயனர் ஒப்பந்தத்தை மீறியது என்று கீழ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிசம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆகவே "கோர்ட்டே சரி என்று சொல்லிவிட்டது" என்று யாரும் உங்களைத் தைரியப்படுத்தினால் நம்ப வேண்டாம்.

ஐரோப்பாவில் இருக்கிறவரைத் தேடினால் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். ஒருவரின் தகவலை அவரிடமிருந்து வாங்காமல் வேறிடத்திலிருந்து எடுத்தால், எங்கிருந்து எடுத்தீர்கள், எதற்கு என்று அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள் அவருக்குச் சொல்ல வேண்டும். அவரைத் தொடர்புகொள்வதற்காக எடுத்தது என்றால் முதல் கடிதத்திலேயே சொல்ல வேண்டும். மற்ற நாடுகளில் சட்டம் வேறு வேறு, உங்கள் நிறுவன வழக்கறிஞரைக் கேளுங்கள். போலிக் கணக்கு தொடங்கி நட்பு கேட்பது, குடும்பப் படங்களைத் துழாவுவது, வயது, மதம், உடல்நிலை பற்றி ஊகித்துக் குறித்துவைப்பது இவையெல்லாம் எந்த நாட்டிலும் நான் செய்யமாட்டேன்.

முதல் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

சின்னதாக. எங்கே பார்த்தேன், ஏன் எழுதுகிறேன், என்ன வேலை, அடுத்து என்ன. அவ்வளவுதான். நன்றியுரையில் கண்டெடுத்த ஒருவருக்கு நான் எழுதியது ஏறத்தாழ இப்படி இருந்தது:

"வணக்கம். சென்ற ஆண்டு வெளிவந்த உலோகக் கலவை பற்றிய ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரையில் உங்கள் பெயரைப் பார்த்தேன். அதிலுள்ள நுண்ணோக்கிப் படங்கள் நீங்கள் எடுத்தவை என்று புரிந்துகொண்டேன். அதே வேலைக்கு எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் தேவை. கருவி புதிது, ஷிப்ட் கிடையாது. ஆர்வம் இருந்தால் பதினைந்து நிமிடம் பேசலாமா? இல்லையென்றால் ஒரு வரி சொல்லுங்கள், உங்கள் விவரத்தை அழித்துவிடுகிறேன், மறுபடி எழுதமாட்டேன்."

அலுவலக மின்னஞ்சலுக்கு எழுதாதீர்கள். அவருடைய மேலாளர் கண்ணில் பட்டால் வேலை தேடாதவருக்குத் தேடுகிறார் என்ற பெயர் வந்துவிடும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'வேண்டாம்' என்று சொன்னவரிடம், வருத்தம் காட்டாமல், "இந்த வேலையை நன்றாகச் செய்கிறவர் என்று நீங்கள் யாரைச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். எனக்கு வாய்த்த நல்ல ஆட்களில் பலர் அப்படி, மறுத்தவர் வாயிலிருந்து வந்தவர்கள்தான்.

காசு கட்டி வாங்கும் டூல் இல்லாமல் முடியுமா?

மேலே சொன்னவற்றில் எதற்கும் காசு வேண்டாம். நேரம்தான் வேண்டும். எதைத் தேடினீர்கள், யார் கிடைத்தார், யாருக்கு எழுதினீர்கள் என்று தேதியோடு ஒரு தாளில் குறித்துவையுங்கள், இல்லையென்றால் ஒரே ஆளுக்கு இரண்டு பேர் எழுதி அசடு வழிய நேரும்.

எவ்வளவு தேடிய பிறகு விட்டுவிடலாம்?

வெவ்வேறு வழியில் தேடியும் அதே பெயர்களே திரும்பத் திரும்ப வந்தால், குளத்தின் அடி தெரிந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இன்னும் தேடினாலும் புது ஆள் வரப்போவதில்லை. அப்போது பட்டியலை எடுத்துக்கொண்டு ஹயரிங் மேனேஜரிடம் போங்கள். அந்த என்டிடி வேலைக்கு எனக்குக் கடைசியில் கிடைத்தது பதினொரு பெயர். எட்டுப் பேர் மறுத்துவிட்டார்கள், இருவர் பதிலே போடவில்லை. பேசத் தயாராக இருந்த ஒருவருக்கு ஜேடியில் கேட்ட பொறியியல் பட்டம் இல்லை, டிப்ளமோதான். லெவல் 3 சான்றிதழும் பத்து வருட அனுபவமும் இருந்தன. பட்டியலை மேசையில் வைத்து, "உலகத்தில் இவர்கள்தான் எனக்குத் தெரிகிறார்கள், பட்டம் கட்டாயமா?" என்று கேட்டேன். மேலாளர் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.